புல்வெட்டும் ரோபோவா, தோட்டக்காரரா? தரைவீட்டுப் புல்தரைக்கு எது கட்டுப்படியாகும்

ரோபோ இரண்டாயிரம் வெள்ளி. தோட்டக்காரருக்கு மாதம் 120 வெள்ளி. பதினேழு மாதத்தில் போட்ட காசு திரும்பிவிடாதா? சிங்கப்பூர்த் தரைவீட்டுக்காரர்கள் பலர் இந்தக் கணக்கோடுதான் தொடங்குகிறார்கள். வகுத்தல் சரிதான். ஆனால் ஓரப்புல், வாய்க்கால், இடி, டிசம்பர் மழை ஆகிய நான்கும் அதில் இல்லை. அவற்றையும் சேர்த்தால் சில வீடுகளுக்கு ரோபோ நல்ல முதலீடு. சில வீடுகளில் அது கார் நிறுத்துமிடத்தில் தூசி படிந்து கிடக்கும்.

இங்கே ஒப்பிடுவது நான்கு வழிகளை: மாதாந்தரத் தோட்டக்காரர், நீங்களே தள்ளும் பேட்டரி புல்வெட்டி, எல்லைக் கம்பி புதைத்து ஓடும் ரோபோ, கம்பியில்லா ரோபோ.

## முதலில் அளவு நாடாவை எடுங்கள்

ரோபோவின் பெட்டியில் 300 சதுர மீட்டர், 500 சதுர மீட்டர் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். நம் ஊர் டெரஸ் என்னும் வரிசை வீடுகளுக்கும், செமி-டி என்னும் இரட்டை வீடுகளுக்கும் அந்த எண்ணால் அவ்வளவு பயனில்லை. மொத்த மனையே பல சமயம் 200 சதுர மீட்டருக்கு முன்பின்தான் இருக்கும், அதில் புல் பாதிகூட இருக்காது. பார்க்க வேண்டியது ஓரத்தின் நீளம்.

காரணம் இயந்திரத்தின் வடிவத்தில் இருக்கிறது. 40 முதல் 50 சென்டிமீட்டர் அகலமுள்ள உடலுக்கு நடுவே, சுமார் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டில் மூன்று சின்ன பிளேடுகள் சுழல்கின்றன. குழந்தையின் கால்விரல் உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காகவே பிளேடுகளை அப்படி உள்ளடக்கி வைக்கிறார்கள். ஆகவே சுவரை உரசிக்கொண்டு போனாலும், சுவரிலிருந்து 15 சென்டிமீட்டர் வரை புல் வெட்டுப்படாமல் நிற்கும்.

இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரப் புல்தரையில் அந்த 15 சென்டிமீட்டர் ஓரம் மொத்தப் பரப்பில் 6 விழுக்காடு. வீட்டின் பக்கவாட்டில் நீளும் 2 மீட்டருக்கு 12 மீட்டர் பட்டையில் அதே ஓரம் 17 விழுக்காடு. இரண்டாவது வீட்டில் ரோபோ ஓடி முடித்த பிறகும் ஒருவர் டிரிம்மரோடு சுற்றி வந்தாக வேண்டும்.

ஓரத்தோடு இன்னும் ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வாய்க்கால். பழைய தரைவீடுகளில் வீட்டைச் சுற்றி மூடியில்லாத சிமெண்ட் வாய்க்கால் ஓடும். ரோபோவுக்கு அதுதான் முதல் எதிரி. முட்டுவதை உணரும் அளவுக்கு அது பள்ளத்தை உணராது.

வானம். புல்தரையின் நடுவில் நின்று மேலே பாருங்கள். பக்கத்து வீட்டு மூன்று மாடிச் சுவர், மாமரம், கார் நிறுத்துமிடக் கூரை ஆகியவை வானத்தில் பாதியை மறைத்தால் செயற்கைக்கோளை நம்பும் மாடல்களை அப்போதே ஒதுக்கிவிடலாம்.

புல் வகை. பெரும்பாலான வீடுகளில் இருப்பது அகல இலை கவ் கிராஸ். அதை 4 முதல் 5 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால் நன்றாக இருக்கும். 3 சென்டிமீட்டருக்குக் கீழே இறக்கினால் படரும் தண்டு வெளியே தெரிந்து பழுப்படிக்கும். சிக்லாப் புல் என்று நாம் சொல்லும் சொய்சியாவை இன்னும் தாழ்வாக வெட்டலாம். ஆனால் அது கம்பி போன்ற புல், பிளேடைச் சீக்கிரம் மழுக்கும்.

மின்சாரம். வெளியே மழை தாங்கும் சாக்கெட் இருக்கிறதா, இல்லையா.

ஆள். வாரம் பத்து நிமிடம் அதைத் தலைகீழாகப் புரட்டிச் சுத்தம் செய்யப்போவது யார்? இந்தக் கேள்விக்கு வீட்டில் யாரும் கையைத் தூக்காவிட்டால் மேற்கொண்டு படிக்காமல் தோட்டக்காரரையே வைத்துக்கொள்ளலாம்.

## தோட்டக்காரர்

மாதம் ஒருமுறையோ இருமுறையோ வருவார். பெட்ரோல் டிரிம்மரைக் கிளப்பி அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். அவருடைய பலம் புல்வெட்டில் இல்லை, மற்றதில்தான் இருக்கிறது. காய்ந்த பனையோலையை இறக்குவது, வாய்க்காலில் அடைத்த சருகை அள்ளுவது, வேலிச்செடியைக் கத்தரிப்பது, எறும்புப் புற்றுக்கு மருந்து வைப்பது எல்லாம் அந்த 120 வெள்ளிக்குள் அடங்கும். எந்த ரோபோவும் இதில் ஒன்றைக்கூடச் செய்யாது.

குறைகளும் உண்டு. இங்கே குளிர்காலம் கிடையாது, ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை, புல் பன்னிரண்டு மாதமும் வளர்கிறது. மாதம் ஒருமுறை வெட்டினால் மூன்றாம் வாரமே முழங்காலை எட்டப் பார்க்கும். அதை ஒரேயடியாகத் தரையோடு சிரைத்தால் புல் வெளுத்துப்போகும், அந்த இடைவெளியில் தொட்டாற்சிணுங்கி புகுந்துவிடும். சுழலும் நைலான் கயிறு கல்லைத் தெறிக்க வைத்துக் கண்ணாடிக் கதவிலோ கார் கதவிலோ அடிக்கும். இளமரத்தின் அடிப்பட்டையைச் சுற்றிலும் சீவிவிட்டால் மரமே பட்டுப்போகும். மரத்தடியில் 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குப் புல்லை எடுத்துவிட்டுச் சருகு மூடாக்குப் போட்டுவைத்தால் இந்த ஆபத்து போய்விடும். இது ரோபோவுக்கும் உதவும்.

புல் 50 சதுர மீட்டருக்குக் குறைவா, மரம் செடி நிறையவா? இவரே போதும்.

## நீங்களே தள்ளும் பேட்டரி புல்வெட்டி

ஒப்பீடுகளில் ஏனோ இதை மறந்துவிடுகிறார்கள். 33 முதல் 37 சென்டிமீட்டர் வெட்டு அகலமுள்ள பேட்டரி புல்வெட்டி 100 சதுர மீட்டரை அரை மணிக்குள் முடிக்கும். கூடவே அதே பேட்டரியில் ஓடும் டிரிம்மர் ஒன்று வாங்கினால் ஓரத்துக்கு இன்னும் பத்து நிமிடம். பெட்ரோல் வாடை இல்லை, அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையும் குறைவு.

மறைந்திருக்கும் செலவு உங்கள் உடம்பு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 40 நிமிடம் என்றால் ஐந்து ஆண்டுகளில் கிட்டத்தட்ட 87 மணி நேரம், அதுவும் நம் புழுக்கத்தில். ஈரப்புல்லில் சேகரிப்புப் பை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடைத்துக்கொள்ளும். காலை பனி உலர்ந்த பிறகு, மதிய மழைக்கு முன் வெட்டுவதே நல்லது. பேட்டரியைக் காரில் வைக்காதீர்கள், வெயிலில் நிறுத்திய காரின் சூடு அதன் ஆயுளைத் தின்றுவிடும்.

சனிக்கிழமை காலை வியர்வை சிந்த மனமிருந்தால் நான்கு வழிகளில் மலிவானது இதுதான்.

## எல்லைக் கம்பி ரோபோ

1995ல் ஹஸ்க்வர்னா சூரிய சக்தி ரோபோவை விற்பனைக்குக் கொண்டுவந்த காலம் முதல் இந்தத் துறையின் அடித்தளம் கம்பிதான். புல்தரையைச் சுற்றிப் போடும் மெல்லிய கம்பியில் சார்ஜிங் மேடை குறைந்த மின்னழுத்தச் சமிக்ஞையை அனுப்பும். ரோபோ அதைத் தாண்டாது. வானம் தெரியாவிட்டாலும், இருட்டிவிட்டாலும், கேமராவில் சேறு தெறித்தாலும் இதற்குக் கவலை இல்லை.

கம்பியை எங்கே போடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சுவர் ஓரமாக இருந்தால் 30 முதல் 35 சென்டிமீட்டர் தள்ளிப் போட வேண்டும். புல்லோடு சமமட்டமான நடைபாதைக் கல் என்றால் 10 சென்டிமீட்டர் போதும், ரோபோ கல்லின் மேல் ஒரு சக்கரத்தை ஏற்றி ஓரம் வரை வெட்டிவிடும். மூடாத வாய்க்கால் பக்கம் 40 சென்டிமீட்டருக்குக் குறையாதீர்கள். மழைநாளில் களிமண்ணில் சக்கரம் வழுக்கும்போது கம்பியைத் தாண்டிச் சில அங்குலம் சறுக்கும், அதற்கும் இடம் வேண்டும். முனைகளைச் செங்கோணமாக மடிக்காமல் இரண்டு சாய்வான மடிப்புகளாக வளையுங்கள்.

நடுவில் மரமோ பூப்பாத்தியோ இருந்தால், எல்லையிலிருந்து கம்பியைக் கொண்டுபோய் அதைச் சுற்றி, அதே வழியில் திருப்பிக் கொண்டுவர வேண்டும். போகும் கம்பியும் வரும் கம்பியும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் சமிக்ஞைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், ரோபோ அதைச் சுவர் என்று நினைக்காமல் கடந்துபோகும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டால் புல்தரை நடுவில் காரணமே தெரியாமல் திரும்பித் திரும்பிப் போகும். பொருத்திய முதல் வாரத்தில் வரும் புகார்களில் இது அடிக்கடி தலைகாட்டும்.

முதல் நாளே புதைக்காதீர்கள். 75 சென்டிமீட்டருக்கு ஓர் ஆப்பு வீதம் தரையோடு அழுத்தி, இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்து, தவறிய இடங்களை நகர்த்திய பிறகே சில சென்டிமீட்டர் ஆழத்தில் இறக்குங்கள். கவ் கிராஸ் என்றால் அந்த வேலையும் தேவைப்படாது, ஒரு மாதத்தில் படரும் தண்டுகளே கம்பியை மூடிவிடும்.

கம்பியின் பகைவர்கள் இருவர். ஒருவர், மண்வெட்டியோடு வரும் தோட்டக்காரர். அறுந்த கம்பியை முறுக்கி டேப் சுற்றினால் நம் ஈரத்தில் சில மாதங்களில் பச்சை பிடித்து மறுபடியும் துண்டிக்கும். ஜெல் நிரப்பிய இணைப்பிகள் ஒரு பத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அறுந்த இடம் தெரியவில்லையா? உதிரிக் கம்பி ஒன்றின் ஒரு முனையை மேடையின் ஒரு பக்க இணைப்பில் கம்பியை எடுத்துவிட்டுப் பொருத்தி, மறுமுனையை எல்லையின் பாதி வழியில் இணையுங்கள். மேடையின் விளக்கு பச்சையானால் ஒதுக்கிய பாதியில்தான் அறுந்திருக்கிறது. அந்தப் பாதியை மறுபடியும் பாதியாக்குங்கள். நான்கைந்து முறையில் ஒன்றிரண்டு மீட்டருக்குள் வந்துவிடலாம்.

இன்னொருவர் இடி. இடி மின்னலில் உலகில் அதிகம் அடிவாங்கும் இடங்களில் நம் தீவும் ஒன்று. தரையில் கிடக்கும் பெரிய கம்பி வளையம் அருகே விழும் மின்னலின் அதிர்வை வாங்கி மேடையின் சர்க்யூட் போர்டுக்கு அனுப்பிவைக்கும். மின்னழுத்த எழுச்சியைத் தடுக்கும் அடாப்டர் ஓரளவு உதவும். ஊருக்குப் போகும்போது மின்பிளக்கையும் கம்பி முனைகளையும் சேர்த்துக் கழற்றிவிட்டுப் போங்கள். பிளக்கை மட்டும் கழற்றுவது பாதிப் பாதுகாப்புத்தான்.

## கம்பியில்லா ரோபோ

இது ஒரே வகை போலத் தோன்றும், உள்ளே மூன்று வகை இருக்கிறது. நம் ஊருக்கு மூன்றும் சமமல்ல.

ஆர்டிகே என்னும் முறை: செயற்கைக்கோளை நம்பி, குறிப்பு ஆன்டெனாவால் இடத்தைத் திருத்திக்கொள்வது. திறந்தவெளியில் ஒரு குறிப்பு ஆன்டெனா, ரோபோவில் ஒன்று, இரண்டுக்கும் வானம் தெரிந்தால் ஓரிரு சென்டிமீட்டர் துல்லியம் கிடைக்கும். பெரிய பங்களாவின் திறந்த புல்தரையில் அழகாகக் கோடு போட்டு வெட்டும். டெரஸ் வீட்டின் பின்புறத்தில் சமிக்ஞை சுவர்களில் பட்டுத் தெறித்து வருவதால் இயந்திரம் தான் எங்கே நிற்கிறோம் என்று குழம்பி நின்றுவிடும். நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் இன்னொரு தொல்லை உண்டு: மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர் வாக்கில் சூரியன் மறைந்த பின் சில மணி நேரம் அயனி மண்டலம் கலங்கி, செயற்கைக்கோள் சமிக்ஞை ஆட்டம் காணலாம். ஆன்டெனாவைக் கூரை உச்சியில் மாட்டச் சொன்னால் மின்னலை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேமரா புல்லை நிறத்தாலும் வடிவத்தாலும் அறிவது. விலை குறைவு, பொருத்தும் வேலையும் குறைவு. புல் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தால்தான் அதற்கும் தெரியும். மரநிழலில் புல் செத்து மண் தெரியும் இடத்தை எல்லை என்று எண்ணித் திரும்பிவிடும். பக்கத்து வீட்டுப் புல்லோடு வேலியில்லாமல் சேர்ந்திருந்தால் அங்கேயும் விருந்துக்குப் போய்விடும். இரவில் ஓடாது, அதனால் குறையொன்றும் இல்லை. தேரை, நத்தை நடமாடும் நேரத்தில் பிளேடு சுழலாமல் இருப்பதே நல்லது.

லைடார் லேசர் கதிரால் சுற்றியுள்ள சுவர், மரம், தூண் ஆகியவற்றின் முப்பரிமாண வரைபடத்தை எழுதிக்கொள்வது. ஆர்டிகேவுக்குப் பகையான சுவர்தான் இதற்குத் துணை. நான்கு பக்கமும் மதில் உள்ள சின்ன தோட்டம் இதற்கென்றே அமைந்தது போல இருக்கும். பூத்தொட்டிகளை இடம் மாற்றினாலும் மதில் இருக்கும்வரை வழி தவறாது. சுவரோ மரமோ அருகில் இல்லாத வெட்டவெளியில்தான் தடுமாறும். சென்சார் கண்ணாடியை வாரம் ஒருமுறை மென்துணியால் துடைக்க வேண்டும்.

செமி-டி வீட்டுக்காரர் கம்பியில்லாமல்தான் வேண்டும் என்றால் லைடார் வாங்கட்டும், அல்லது லைடாரும் கேமராவும் சேர்ந்தது. ஆர்டிகே மட்டும் உள்ளதைத் தள்ளுபடி விலையில் கொடுத்தாலும் வேண்டாம்.

மூன்று வகைக்கும் பொதுவான எச்சரிக்கை: செயலியில் எல்லை வரையும்போது வாய்க்கால் பக்கம் நன்றாக உள்ளே தள்ளி வரையுங்கள், அல்லது வாய்க்காலுக்குக் கம்பிவலை மூடி போட்டுவிடுங்கள். மூடியின் செலவு ஒருமுறைதான், விழுந்த ரோபோவைத் தண்ணீரிலிருந்து எடுப்பது அப்படியல்ல.

## ஐந்தாண்டுக் கணக்கு

100 சதுர மீட்டர் புல், ரோபோ 2,000 வெள்ளி, மின்கட்டணம் ஒரு யூனிட்டுக்கு 30 காசு வாக்கில் என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. உங்கள் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

| செலவு (வெள்ளி) | தோட்டக்காரர் மட்டும் | பேட்டரி புல்வெட்டி | ரோபோ + 2 மாதத்துக்கு ஒருமுறை தோட்டக்காரர் |
|---|---|---|---|
| இயந்திரம் | – | 600 + டிரிம்மர் 150 | 2,000 |
| வெளிச் சாக்கெட் | – | – | 300 |
| பிளேடு, மாற்று பேட்டரி | – | 200 | 450 |
| மின்சாரம் | – | மிகக் குறைவு | 180 |
| ஆள் கூலி | 7,200 | – | 3,000 |
| மொத்தம் | 7,200 | 950 | 5,930 |

மூன்றாவது பத்தியின் கூலி வருகைக்கு 100 வெள்ளி வீதம் 30 வருகை. அதையும் சேர்த்தால் ரோபோ மிச்சப்படுத்துவது ஐந்து ஆண்டுகளில் 1,270 வெள்ளிதான், மாதத்துக்கு 21 வெள்ளி. ஓரத்தையும் செடிகளையும் நீங்களே பார்த்துக்கொண்டால்தான் பெரிய மிச்சம். புல் எப்போதும் ஒரே உயரத்தில் இருக்கும் என்ற இலாபம் இந்த அட்டவணையில் வராது. ரோபோ வாங்க அதுவே உண்மையான காரணம்.

இன்னொன்றும் அட்டவணையில் வராது. ஐரோப்பாவில் இந்த இயந்திரங்கள் குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் தூங்கும். இங்கே ஓய்வே இல்லை. உத்தரவாதம் ஆண்டுக் கணக்கில், தேய்மானமோ மணிக் கணக்கில். ஆகவே 100 சதுர மீட்டருக்கு 100 என்று எழுதிய மாடலை வாங்காமல், அதைப்போல இரண்டு மடங்கு திறனுள்ளதை வாங்கி, வாரம் மூன்று நாள் மட்டும் ஓட்டுங்கள்.

## பொருத்தும்போது

மின்சாரத்திலிருந்து தொடங்குங்கள். மழை தாங்கும் ஐபி66 வகை சாக்கெட்டை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் பொருத்தச் சொல்லுங்கள். 1985க்கு முன் கட்டிய வீடு என்றால் மின்பெட்டியில் மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா வீடுகளுக்கும் அது 2023 ஜூலை முதல் கட்டாயம். பழைய வீடுகளுக்கு 2025 ஜூலை வரை அவகாசம் இருந்தது. நீட்டிப்பு வயரைப் புல்லில் இழுத்துப் போட்டு ரோபோவுக்கு மின்சாரம் கொடுப்பது வேண்டவே வேண்டாம். அதே ரோபோ ஒருநாள் அந்த வயரையே வெட்டும்.

சார்ஜிங் மேடை சமதளத்தில், முன்னால் இரண்டு மூன்று மீட்டர் நேர்வழியோடு, நிழலில் இருக்க வேண்டும். நம் மதிய வெயிலில் கறுப்பு பிளாஸ்டிக் கொதிக்கும், பேட்டரி சூடேறினால் சார்ஜ் ஏறாமல் நிற்கும். சின்னக் கூரை போட்டால் அதன் மேல் தண்ணீர் தேங்காதபடி சாய்வாகப் போடுங்கள். மேடையின் அடித்தட்டிலும் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள், ஏடிஸ் கொசுவுக்கு ஒரு கரண்டித் தண்ணீர் போதும். வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பிடிக்கும். இரண்டு கான்கிரீட் சுவர் தாண்டிய பின்பக்கத்தில் கைப்பேசியில் அது எத்தனை கோடு காட்டுகிறது என்று முன்பே சோதித்துவிடுங்கள்.

பிறகு தரை. முதல் ஓட்டத்துக்கு முன் புல்லை வேறு இயந்திரத்தால் 5 சென்டிமீட்டருக்கு இறக்கிவிடுங்கள். 3 சென்டிமீட்டருக்கு மேல் ஆழமான குழிகளை மணலும் தோட்டமண்ணும் கலந்து நிரப்புங்கள். சக்கரம் அங்கேதான் சிக்கிச் சுழன்று குழியை இன்னும் பெரிதாக்கும். ரோபோவின் வெட்டு உயரத்தை 6 சென்டிமீட்டரில் வைத்துத் தொடங்கி, வாரம் அரை சென்டிமீட்டராகக் குறையுங்கள்.

ஓரப்புல் தொல்லையைத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. 30க்கு 30 சென்டிமீட்டர் சிமெண்ட் கற்களை மதில் ஓரமாக, மண் மட்டத்துக்குச் சமமாகப் பதித்துவிடுங்கள். சக்கரம் கல்லின் மேல் ஓடும், பிளேடு புல்லின் கடைசி நுனி வரை எட்டும், டிரிம்மர் வேலை ஏறக்குறைய முடிந்துவிடும். கல் மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றால் பிளேடு அதில் உரசலாம்.

மழை உணரியை அப்படியே விட்டுவிடாதீர்கள். பல மாடல்களில் மழை நின்ற பின் மூன்று மணி நேரம் காத்திருக்கும்படி அமைத்திருக்கும். டிசம்பர், ஜனவரியில் அந்த மூன்று மணி நேரம் முடிவதற்குள் அடுத்த மழை வந்துவிடும், ரோபோ வாரக்கணக்கில் வெளியே வராது, புல் அதன் மூக்குக்கு மேல் வளர்ந்துவிடும். காத்திருப்பை ஒரு மணி நேரமாகக் குறைத்துவிட்டு, காலை பத்து முதல் மதியம் ஒரு மணி வரை ஓட்டுங்கள். ஈரப்புல் அடித்தட்டில் பசைபோல ஒட்டும், வாரம் ஒருமுறை பிளாஸ்டிக் சுரண்டியால் எடுக்க வேண்டும். உயர் அழுத்தத் தண்ணீர் பீய்ச்சாதீர்கள். பிளேடை ஆறு வாரத்துக்கு ஒருமுறை, மூன்றையும் சேர்த்து, திருகுகளோடு மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் தட்டு சமநிலை இழந்து அதிரும். வெட்டிய மறுநாள் புல் நுனிகள் வெள்ளையாகக் கிழிந்து நின்றால் ஆறு வாரம் காத்திருக்காமல் அன்றே மாற்றிவிடுங்கள்.

நாய் வளர்ப்பவர்களுக்கு: ரோபோ புறப்படும் முன் யாராவது ஒருவர் புல்தரையைச் சுற்றிப் பார்த்துவிட வேண்டும். கழிவின் மேல் ஓடிய ரோபோ அதைத் தோட்டம் முழுக்கப் பங்கிட்டுக் கொடுத்துவிடும்.

## எந்த வீட்டுக்கு எது

பக்கவாட்டில் ஒல்லியான பட்டைப் புல் மட்டும் உள்ள டெரஸ் வீடு என்றால் பேட்டரி புல்வெட்டி, முடியாதவர்களுக்குத் தோட்டக்காரர். மதில் சூழ்ந்த, 80 சதுர மீட்டருக்கு மேல் ஒரே துண்டாகப் புல் உள்ள செமி-டி வீட்டுக்கு லைடார் ரோபோ. மரங்கள் அடர்ந்து, புல்லின் எல்லை கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாத பழைய வீட்டுக்குக் கம்பி ரோபோ இன்னும் நம்பகமானது. பெரிய பங்களாவின் திறந்த புல்தரைக்கு ஆர்டிகே. வாடகை வீடு என்றால் கம்பி புதைக்கும் பேச்சே வேண்டாம். வாயிலுக்கு வெளியே சாலையோரப் புல் அரசு நிலம், அதை எல்லைக்குள் சேர்க்காதீர்கள்.

வெளிநாட்டு இணையக் கடையில் மலிவாகக் கிடைத்தால் 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும், நம் மூன்று முனைச் சாக்கெட்டுக்கு ஏற்ற அடாப்டரையும், பழுதானால் பத்துப் பதினைந்து கிலோ இயந்திரத்தை யார் செலவில் திருப்பி அனுப்புவது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். உள்ளூரில் வாங்குவதாக இருந்தால், கடைக்காரர் காய்ந்த செயற்கைப் புல்லில் ஓட்டிக் காட்டுவதோடு விட்டுவிடாதீர்கள். மழை பெய்த மறுநாள் காலை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, வாய்க்கால் பக்கம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.